சீனி வருத்தமும் ஈரல் கொழுப்பும்: மூலிகைக் கப்சூல்களை என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமின் 500 காலையும் இரவும், கிளிக்லசைட் 80 காலையில், அற்றோவாஸ்ரற்றின் 20 இரவில். போன மாதம் ஸ்கான் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு, இரண்டாம் படி என்று எழுதித் தந்தார்கள். ஈரல் நொதிகளான எஸ்.ஜி.பி.ரி 76, எஸ்.ஜி.ஓ.ரி 48. போன வருடக் கிளினிக் கொப்பியில் எஸ்.ஜி.பி.ரி 51. பிளேற்லெற் 240,000. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 8.1. எடை 74 கிலோ, உயரம் ஐந்தடி நாலு அங்குலம். சுவிஸில் இருக்கும் என் தம்பி, ஈரலைச் சுத்தமாக்கும் என்று மூலிகைக் கப்சூல் அனுப்பினான். ஏழு கிழமையாகக் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு எடுக்கிறார். சந்தையில் ஒருவர் விற்ற மூலிகைத் தூளையும் தேனில் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினார். ஐந்தே நாளில் வெறும் வயிற்றுச் சீனி 210 இலிருந்து 110 க்கு வந்துவிட்டது. கொத்தலஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையில் குடைந்த கோப்பையில் ஊறிய தண்ணீரும் குடிக்கிறார். சீனியை விட்டுவிட்டார், தேத்தண்ணிக்குக் கருப்பட்டிதான், நாளுக்கு ஐந்து தரம். “இங்கிலிஷ் குளிசைதான் ஈரலைக் கெடுத்தது, இனி மூலிகை மட்டும் போதும்” என்கிறார். குளிசையை விடலாமா? ஈரலுக்கு எந்த மூலிகை நல்லது? கப்சூல் இன்னுமொரு போத்தல் உடைக்காமல் இருக்கிறது. அவருக்குச் சரிவராதென்றால் என் அக்காவுக்குக் கொடுக்கலாமா? அவவுக்குச் சீனி இல்லை.
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்:

சகோதரி, நீங்கள் ஈரலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அந்தச் சந்தைத் தூள். அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒன்பது வருடச் சீனி வருத்தக்காரருக்கு, வெறும் வயிற்றுச் சீனி ஐந்து நாளில் நூறு புள்ளி இறங்கும் வேலையை இலையும் பட்டையும் செய்வதில்லை. நல்ல ஆய்வுகளில் பலன் காட்டிய மூலிகைகள்கூட வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்திருக்கின்றன. இப்படித் தடாலென்று விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, தூளுக்குள் யாரோ இங்கிலிஷ் குளிசையை அரைத்துக் கலந்திருக்கிறார் என்பதை. சீனிக்கான “மூலிகை” மருந்துகளில் கிளிபென்கிளமைட்டும் மெற்போமினும் கலந்திருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. கிளிபென்கிளமைட் உடம்பில் நெடுநேரம் நிற்கும் மருந்து. அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிக்லசைட்டை உங்கள் கணவர் ஏற்கனவே எடுக்கிறார். இரண்டும் சேர்ந்தால், இரவுச் சாப்பாடு கொஞ்சம் குறைந்த ஒரு நாளில், விடியப்புறம் சீனி நாற்பதுக்கு இறங்கலாம். மூலிகைதானே என்று இங்கிலிஷ் குளிசையை விட்டுவிட நினைப்பவர், உண்மையில் அளவு தெரியாத இங்கிலிஷ் குளிசைக்கு மாறிக்கொண்டிருக்கலாம். (அதைத் தேனில் குழைத்துத் தருவது இன்னொரு வேடிக்கை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் சீனி இருக்கிறது.)

நிறுத்தியதும் சீனி மேலே ஏறும். 200 ஐத் தாண்டினால் பதறி கிளிக்லசைட்டை இரட்டிப்பாக்க வேண்டாம். ஒரு கிழமைக்கு, காலையில் வெறும் வயிற்றிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பார்த்து எழுதி வையுங்கள். அந்தக் கணக்கோடு கிளினிக் போனால் மருந்தை எப்படி மாற்றுவது என்று வைத்தியர் முடிவெடுப்பார். தூளை எறியாதீர்கள், பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இதற்கிடையில் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றி, பேச்சுக் குழறினால் உடனே சீனியைக் குத்திப் பாருங்கள். 70 க்குக் கீழே என்றால், மூன்று மட்டத் தேக்கரண்டி குளுக்கோஸ் தூளை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பவும் பாருங்கள். அப்போதும் 70 க்குக் கீழே என்றால் இன்னொரு தரம் கொடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கொத்தலஹிம்புட்டு, குடலில் மாப்பொருளையும் சாதாரண சீனியையும் உடைக்கும் நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அந்தத் தண்ணீர் குடித்தவருக்குச் சீனித் தண்ணீரோ கருப்பட்டியோ கொடுத்தால், அது உடைந்து இரத்தத்தில் சேரத் தாமதமாகும். குளுக்கோஸ் உடைய வேண்டியதில்லை, நேரே சேரும். ஆகவே வீட்டில் குளுக்கோஸ் பெட்டி ஒன்று இருக்கட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்கணித்துப் படுக்க வைத்து அம்புலன்சுக்கு 1990 ஐ அழையுங்கள். தேறிவிட்டாலும் அன்று ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதே நல்லது. கிளிபென்கிளமைட் சம்பந்தப்பட்டிருந்தால் சில மணி நேரம் கழித்துச் சீனி மறுபடியும் விழும்.

இனி தம்பி அனுப்பிய போத்தல். உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கடைகளில் “ஈரல் சுத்தி” என்று விற்கும் கலவைகளில் வழக்கமாக மில்க் திஸில், மிளகுச் சத்தோடு சேர்த்த மஞ்சள், பச்சைத் தேயிலைச் சாறு, அஸ்வகந்தா என்பவை வரும். கப்சூலையும் நிறுத்திவிட்டு லேபிளை எடுத்துப் பாருங்கள். நாலில் முதலாவது பெரும்பாலும் தொந்தரவில்லாதது. மற்ற மூன்றும் ஈரலைக் கெடுத்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளவை.

மஞ்சளைச் சொன்னதும் எல்லோருக்கும் கோபம் வரும். குழம்புக்குப் போடும் மஞ்சளைக் குறை சொல்லவில்லை. சமையல் மஞ்சளில் அதன் சத்தான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி குடலில் சேராமல் வெளியே போய்விடும். கப்சூலில் வருவது வடித்தெடுத்த குர்குமின், நூற்றுக்கு 95 பங்கு வரை. அதோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்க்கிறார்கள். 1998 இல் வெளியான ஓர் ஆய்வில், பைப்பரின் சேர்த்தபோது இரத்தத்தில் ஏறிய குர்குமின் இருபது மடங்கு கூடியது. கூடுதலாகச் சேர்வதை விற்பவர்கள் பெருமையாக எழுதுவார்கள். அந்தப் பைப்பரின், மருந்துகளைக் கழிக்கும் ஈரல் நொதிகளையும் தடுக்கிறது என்பதை எழுத மாட்டார்கள். அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் வலையமைப்பு 2022 இல் மஞ்சள் கப்சூலால் ஈரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரின் விபரத்தை வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோரிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. உங்கள் கணவரிடம் அது இருக்கிறதா இல்லையா என்று இங்கே வழமையாகப் பார்ப்பதில்லை. அதே 2022 இல் இத்தாலியச் சுகாதார அமைச்சு, மஞ்சள் கப்சூல்களில் ஈரலுக்கு நல்லது என்று எழுதுவதையே தடைசெய்தது.

பச்சைத் தேயிலையும் அப்படித்தான். கோப்பையில் ஊற்றிக் குடித்தால் பிரச்சினை இல்லை. அதன் சாறு கப்சூலாக, அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி என்ற சத்து நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போகும்போது ஈரல் நொதி ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் சுட்டிக்காட்டியது. வெறும் வயிற்றில் எடுத்தால் இரத்தத்தில் இன்னும் கூடுதலாக ஏறும். உங்கள் கணவர் எடுப்பது வெறும் வயிற்றில். அஸ்வகந்தா, அதாவது நம்முடைய அமுக்கராக் கிழங்கு, சிலருக்கு எடுக்கத் தொடங்கிச் சில கிழமைகளிலோ மாதங்களிலோ கடும் அரிப்போடு மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்திருக்கிறது. டென்மார்க் 2023 இல் அதைத் தடைசெய்தது.

மில்க் திஸிலைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சத்தான சிலிமரின் நாளுக்கு 420 மில்லிகிராம் (140 வீதம் மூன்று தரம்) என்று வழக்கமாகக் கொடுக்கப்படுகிறது. எஸ்.ஜி.பி.ரியைக் கொஞ்சம் இறக்கும். 2017 இல் வெளியான மலேசிய ஆய்வில் 700 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று தரம், 48 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். ஈரல் துண்டெடுத்துப் பரிசோதித்தபோது, ஆய்வின் முதன்மை இலக்கு கிட்டவில்லை, அதாவது ஈரல் நோயின் கடுமையை அளக்கும் புள்ளி எதிர்பார்த்த அளவு குறையவில்லை. தழும்பு சிலருக்குக் குறைந்திருந்தது. கெடுதி குறைவு, பலன் உறுதியில்லை, செலவு நிச்சயம். நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஒருவர் தனியாக அதை மட்டும் எடுத்தால் சண்டை பிடிக்கவும் மாட்டேன்.

இப்போது ரிப்போர்ட். போன வருடமே எஸ்.ஜி.பி.ரி 51 இருந்திருக்கிறது; அப்போது கப்சூலும் இல்லை, தூளும் இல்லை. கொழுப்பு ஈரல் முன்பே இருந்ததாகத்தான் எடுக்க வேண்டும். இரண்டாம் வகைச் சீனி வருத்தக்காரரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது உண்டு. 51, 76 ஆனதில் கப்சூலுக்கு எவ்வளவு பங்கு என்பது நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கானில் இரண்டாம் படி என்பது கொழுப்பின் அளவைச் சொல்லுமே தவிர, ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. பிற்காலத்தில் ஆபத்தைத் தீர்மானிப்பது தழும்பு. அதற்கு பிப்-4 என்றொரு கணக்கு உண்டு. கையில் இருக்கும் ரிப்போர்ட்டே போதும், காசு இல்லை. வயதை எஸ்.ஜி.ஓ.ரியால் பெருக்குங்கள்: 52 ஐ 48 ஆல் பெருக்க 2496. போனில் இருக்கும் கல்குலேற்றரில் எஸ்.ஜி.பி.ரி 76 இன் வர்க்கமூலம் 8.72. அதைப் பிளேற்லெற் எண்ணிக்கையால், ஆயிரத்தில் எழுதி, பெருக்குங்கள்: 240 ஐ 8.72 ஆல் பெருக்க ஏறத்தாழ 2093. முன்னதைப் பின்னதால் பிரித்தால் 1.19. 1.3 க்குக் கீழே என்றால் கடும் தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 2.67 ஐத் தாண்டினால் விசேட வைத்தியரிடம் போக வேண்டும். இடையில் வந்தால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கான் தேவை. (65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லை 2.0.) ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை: கப்சூலால் நொதி ஏறியிருந்தால் விடை பிழைக்கும். ஆகவே 1.19 ஐ இப்போதைக்கு ஆறுதலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திய பிறகு வரும் ரிப்போர்ட்டில் திரும்பப் போட வேண்டும். அதே இரத்தத்தில் மஞ்சட்காமாலை பி, சி வைரஸ்கள் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். சாராயம், கள்ளு, கசிப்பு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கிளினிக்கில் கேட்கும்போது அவரே அளவைச் சரியாகச் சொல்லட்டும். “விசேஷத்துக்கு மட்டும்” என்ற பதிலை வைத்து எந்த ரிப்போர்ட்டையும் வாசிக்க முடியாது.

மெற்போமினை விடலாமா என்றால், கூடாது. அது ஈரலில் சிதைவதில்லை, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது. அதனால் அதற்குப் பார்க்க வேண்டியது சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவை (ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எப்.ஆர்): 45 க்குக் கீழே போனால் குறைப்பார்கள், 30 க்குக் கீழே நிறுத்துவார்கள். ஈரல் கொழுப்பை அது குணமாக்குவதுமில்லை, ஈரலைத் தின்பதுமில்லை. நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அதைப் பார்க்கச் சொல்லலாம். அற்றோவாஸ்ரற்றினுக்கும் இதே பழி. எஸ்.ஜி.பி.ரி வழமையான மேல் எல்லையின் மூன்று மடங்கை, சுமார் 120 ஐ, தாண்டி அது இரண்டாம் தரமும் உறுதியானால்தான் அதைப் பற்றி யோசிப்போம். 76 க்கு அதை நிறுத்தினால் ஈரலுக்கு லாபமில்லை, நெஞ்சுக்கு நட்டம். கொழுப்பு ஈரல் உள்ள சீனி வருத்தக்காரரை அதிகம் கொல்வது மாரடைப்பு.

எந்த மூலிகை நல்லது என்ற கேள்விக்கு என் பதில், சட்டியில் வேகுவது எல்லாம் நல்லது. வடித்து, காய்ச்சி, போத்தலில் அடைத்தது எல்லாம் மருந்து, மருந்துக்குரிய கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும். வல்லாரை நல்ல உதாரணம். நம் வீடுகளில் சம்பல் போட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் தின்கிறோம், ஒன்றும் செய்வதில்லை. அதே வல்லாரையைக் குளிசையாக்கி மெலிவதற்கென்று விழுங்கிய மூன்று பெண்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை 2005 இல் அர்ஜென்டினாவிலிருந்து எழுதினார்கள். மீன் குழம்புக்குப் போடும் கொறக்காயும் அப்படியே. அதன் சாறு சேர்ந்த மெலிவுக் குளிசை ஒன்றை ஈரல் பாதிப்புக் காரணமாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009 இல் கடையிலிருந்து எடுப்பித்தது.

குறிஞ்சா இலைச் சுண்டல், முருங்கை இலை, பாகற்காய்க் கறி, கொவ்வை இலை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கொவ்வைக்கு இலங்கையிலேயே மருத்துவ ஆய்வு உண்டு, சீனியைக் குறைத்தது. ஆனால் பாகற்காயைப் பச்சையாக அரைத்துக் கிளாஸ் கிளாஸாகக் குடிக்க வேண்டாம். கிளிக்லசைட் எடுப்பவருக்கு அது சீனியை இன்னும் இறக்கும்.

கொத்தலஹிம்புட்டை நான் பழிக்கவில்லை. 2005 இல் வெளியான இலங்கை ஆய்வில் 51 பேருக்கு அதன் தேநீரையும் வெறும் தேநீரையும் மாறி மாறி மூன்று மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தபோது எச்.பி.ஏ.1.சி சிறிதளவு இறங்கியது. இப்போதைக்கு அதையும் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் வேறு. மூன்று நான்கு சாமான் ஒன்றாக ஓடும்போது எது செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து எல்லாம் அடங்கியபின், வேண்டுமென்றால் அதை மட்டும், வைத்தியருக்குச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். வயிறு ஊதலும் காற்றும் வரும், அது அதன் குணம்.

ஆவரசம்பூத் தேநீரை நாளாந்தம் குடிக்கும் பழக்கம் உங்கள் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். 1981 இல் இலங்கை ஆய்வாளர்கள் ஐம்பது மூலிகைகளைச் சோதித்தபோது, ஈரல் நாளங்களைக் கெடுக்கும் ஒருவகை நச்சுச் சத்து மூன்றில் இருப்பதாகக் கண்டார்கள். ஆவரசு அதில் ஒன்று, கிலுகிலுப்பை இன்னொன்று. எலிகளின் ஈரலில் அதற்கேற்ற புண்ணும் இருந்தது. எப்போதாவது ஒரு கோப்பை குடித்தவர் பயப்படத் தேவையில்லை. ஏற்கனவே கொழுப்புப் படிந்த ஈரலுக்குத் தினமும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கொவிட் காலத்தில் பிரபலமான சீந்திலும் மும்பையில் பலருக்கு ஈரல் அழற்சியைக் கொண்டுவந்தது. மரமஞ்சளில் உள்ள பேர்பரின், அற்றோவாஸ்ரற்றினைக் கழிக்கும் நொதியைத் தடுப்பதால் அதன் அளவு இரத்தத்தில் கூடி, தசை நோவு வரலாம். கீழ்க்காய்நெல்லியை மஞ்சட்காமாலைக்கு வீட்டில் அரைத்துக் கொடுத்துக்கொண்டு நாட்களைப் போக்குவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு; காமாலை ஏன் வந்தது என்று பார்க்காமல் அதற்கு மருந்தில்லை. காமரங்காய்ச் சாறு சீனிக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அது சிறுநீரகத்தை ஒரேயடியாகப் பழுதாக்கிய சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன என்று சொல்லுங்கள்.

சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அதற்குப் பதிவுபெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பியையும் ரிப்போர்ட்டையும் கையில் கொண்டு அரச ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன கொடுக்கிறார்கள் என்று பெயரோடு எழுதி வாங்கி, கிளினிக்கிலும் காட்டுங்கள்.

ஈரல் கொழுப்பைக் கரைப்பதற்கு நிரூபணமான வழி எடையைக் குறைப்பது. 74 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 69 க்கு வந்தால் ஈரலின் அழற்சி தணியத் தொடங்கும், 67 க்குக் கீழே வந்தால் தழும்புகூடக் குறைய வாய்ப்புண்டு. ஆறு மாதத்தில் செய்யலாம். மாதம் மூன்று நாலு கிலோவுக்கு மேல் பட்டினி கிடந்து இறக்கினால் ஈரல் மேலும் கெடும். தொடங்க வேண்டிய இடம் அந்தக் கருப்பட்டி. ஒரு தேத்தண்ணிக்கு 10 கிராம் கடித்தாலும் ஐந்து தரத்துக்கு 50 கிராம், கிட்டத்தட்ட 200 கலோரி. கருப்பட்டியும் சீனிதான், அதில் பாதியளவான புரக்டோஸை ஈரல் நேரே கொழுப்பாக மாற்றுகிறது. வெறும் தேத்தண்ணி இறங்கவில்லை என்றால் சீனி போடாத கோப்பிக்கு மாறட்டும். நாளுக்கு இரண்டு மூன்று கோப்பி குடிப்பவர்களின் ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவில் பிட்டோ இடியப்பமோ என்றால் வழமையில் பாதி, மீதி இடத்துக்கு மீனும் சுண்டலும். கிழமைக்கு ஐந்து நாள் அரை மணி நேரம், பேச்சு மூச்சு வாங்குமளவுக்கு நடை.

கப்சூலையும் தூளையும் நிறுத்திய நாளைக் கொப்பியில் எழுதுங்கள். நான்கு கிழமையில் எஸ்.ஜி.பி.ரி, எஸ்.ஜி.ஓ.ரி, காமாலையைக் காட்டும் பிலிருபின் மூன்றையும் பாருங்கள். 76 மளமளவென்று 50 க்கு இறங்கினால் கப்சூல்மேல் சந்தேகம் வலுக்கும், திரும்ப அதைத் தொடவே கூடாது. அப்படியே நின்றால் கொழுப்பின் வேலை. ஏறினால் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். பன்னிரண்டு கிழமையில் எச்.பி.ஏ.1.சியோடு சேர்த்து மறுபடியும். நடுவில் கண் மஞ்சளாகினாலோ, சிறுநீர் பிளேன்ரி நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ அன்றைக்கே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போத்தல், தூள், குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போக மறக்க வேண்டாம்.

அக்காவுக்குக் கொடுக்க வேண்டாம். சீனி இல்லாதவர்களின் ஈரலும் இந்தக் கப்சூல்களால் கெட்டிருக்கிறது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிலோ ஆயுர்வேதத் திணைக்களத்திலோ பதிவாகாமல் பயணப்பொதியில் வந்த சாமான் அது. லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நான்காம் கிழமை ரிப்போர்ட் வரும்வரை போத்தலை அலுமாரியில் வைத்திருங்கள். ரிப்போர்ட்டை வைத்தியர் பார்த்தபின் எறிந்துவிடலாம்.